பயந்தால்தான் சுடும்

எத்திராஜுக்கு அன்று காலையும் பயம் வரவில்லை.

பிஸ்டலின் கைப்பிடியை இறுகப் பிடித்தபடி ஆயுத அறையின் சுவரைப் பார்த்து நின்றார். கட்டைவிரலுக்கு நேர் மேலே குன்றிமணி அளவில் ஒரு விளக்கு. சிவப்பு. எவ்வளவு நேரம் நின்றும் சிவப்பாகவே இருந்தது. அவருக்குப் பின்னால் வரிசையில் நின்ற காவலர்களில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"என்ற மச்சான் வண்டி ஓட்டறப்ப சித்த பக்கத்துல உக்காந்து பாருங்ணா," என்றான் சென்னியப்பன், வண்டிச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே. "தானா பச்சை எரியுமுங்."

அவன் டிரைவர். அவனுக்கு இந்தச் சோதனை கிடையாது. அதனாலேயே தினமும் வேடிக்கை பார்க்க ஆஜராகிவிடுவான். வரிசை சிரித்தது. எத்திராஜும் சிரித்தார். விளக்கு மட்டும் அசைந்து கொடுக்கவில்லை.

துப்பாக்கியில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை அந்தந்த மாநிலமே முடிவு செய்துகொள்ளட்டும் என்று டெல்லி கைகழுவிய பிறகு ஆளுக்கொரு விதி போட்டுவிட்டார்கள். ஒரு மாநிலம் கைப்பிடிக்கு மஞ்சள் பெயின்ட் அடிக்கச் சொன்னது. இன்னொன்று, சுடுவதற்கு முன் பிஸ்டல் வாய்விட்டு எச்சரிக்க வேண்டும், அதுவும் தங்கள் மொழியில்தான் எச்சரிக்க வேண்டும் என்றது. நம் மாநிலத்தில் வந்தது அச்ச விதி. தற்காப்புக்காக மட்டுமே சுடலாம். உயிர்பயம் இருந்தால்தான் அது தற்காப்பு. ஆகவே பிடித்திருப்பவன் பயந்தால் மட்டும் பிஸ்டல் சுடும். கைப்பிடிக்குள் வியர்வையையும் கைச்சூட்டையும் நாடித்துடிப்பையும் நடுக்கத்தையும் தொட்டுப் பார்க்கும் ஒரு தகடு. பயம் வந்தால் பச்சை, வராவிட்டால் அது வெறும் இரும்பு.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது.

வாளையாறு பாலத்தைத் தாண்டினால் பக்கத்து மாநிலம், அங்கே நேர் எதிர். பதற்றத்தில் சுடுவதால்தான் அப்பாவிகள் சாகிறார்கள் என்று அந்தப் பக்கத்தில் நிதான விதி போட்டிருந்தார்கள். கை நடுங்கினால் அங்கே சுடாது. பிஸ்டல் ஒன்றுதான். பாலத்தின் நடுவில் வண்டி போகும்போது கைக்குள் லேசாகச் சிலிர்த்து, சட்டத்தை மாற்றிக்கொள்ளும்.

கோவைப் பட்டறைகளில் செய்த நகைகளைத் திருச்சூர்க் கடைகளுக்குக் கொண்டு சேர்க்கும் 'கவசம்' நிறுவனத்தின் காவலர்களுக்கு இரண்டு சட்டத்துக்கும் நடுவில்தான் பிழைப்பு. கொள்ளைக்காரர்கள் இதை அரசாங்கத்தை விட வேகமாகப் புரிந்துகொண்டார்கள். அந்தப் பக்கம் பட்டாசு கொளுத்திப் போட்டுக் காது கிழியக் கத்திக்கொண்டு வந்தார்கள். இந்தப் பக்கம் 'அண்ணா, டிபன் ஆச்சுங்களா' என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். யாரையும் பயமுறுத்திவிடக் கூடாது என்பதில் அவ்வளவு அக்கறை.

"நேத்தும் எரியலை, இன்னிக்கும் எரியலை," என்றாள் தாட்சாயணி. பிஸ்டல் செய்யும் 'வஜ்ரா' தொழிலகத்தின் பொறியாளர். குறிச்சியிலிருந்து அவ்வப்போது வந்து ஆயுதங்களைச் சரிபார்த்துவிட்டுப் போவாள். முப்பத்தைந்து வயதிருக்கும். யார் கண்ணையும் நேராகப் பார்க்காமல் பேசுகிற பழக்கம். "நாளைக்கும் எரியலைன்னா சிஸ்டமே உங்க பேரைத் தூக்கிடும் சார். என் கையில ஒண்ணும் இல்ல."

"தகடு ஏதாவது போயிருக்குமா மேடம்?"

அவள் அதே பிஸ்டலை அடுத்து நின்ற தங்கப்பழத்திடம் கொடுத்தாள். தங்கப்பழம் கண்ணை மூடினார். உதடு எதையோ முணுமுணுத்தது. பச்சை.

தகடு நன்றாகத்தான் இருந்தது.

*

பயத்தை வரவழைக்கும் நினைப்பைக் காவலர்கள் சாவி என்பார்கள்.

எத்திராஜ் பனிமலையில் பதினெட்டு வருஷம் இருந்தவர். ஹவில்தாராக ஓய்வு பெற்றுக் குடியாத்தம் பக்கத்திலிருந்து மனைவி சகுந்தலாவையும் மகள் இளவேனிலையும் கூட்டிக்கொண்டு கோவைக்கு வந்தார். 'கவசம்' வேலையில் சேர்ந்த முதல் வாரம் பிஸ்டல் அவர் கையில் செத்துக் கிடந்தது. தலைக்கு மேல் குண்டு பறந்தபோதே நடுங்காத கை, சுவரைப் பார்த்து நடுங்கு என்றால் எங்கே நடுங்கும்?

தங்கப்பழம்தான் ஓரமாகக் கூட்டிப் போய்ச் சொல்லிக்கொடுத்தார். "உமக்கு யாரு மேல உசுரோ, அவியள மனசுல ஒரு நிமிசம் கொன்னு பாரும்வே. தானா எரியும்."

எத்திராஜுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஊரில் மாமனார் வீட்டுக் கிணறு. ஐந்து வயது வேனில் சுவரில் ஏறி, உள்ளே தெரியும் தன் முகத்தை எட்டிப் பார்க்கிறாள். கால் வழுக்குகிறது. அன்று அவர் பாவாடையை எட்டிப் பிடித்து இழுத்துவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. ஆயுத அறையில் அவர் செய்ததெல்லாம், பிடிக்காமல் விட்டது.

பச்சை எரிந்தது. எத்திராஜ் வெளியே ஓடிக் குழாயடியில் வாந்தி எடுத்தார்.

அந்தக் குழாயடிக்கு ஒரு வழக்கம் இருந்தது. சோதனை முடிந்ததும் காவலர்கள் ஒவ்வொருவராக வந்து கை கழுவிவிட்டுத்தான் வண்டி ஏறுவார்கள். எழவு வீட்டிலிருந்து திரும்பியவர்கள் மாதிரி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல். யாரும் யாருடைய சாவியையும் கேட்கக்கூடாது. கேட்ட ஒருவனுக்குப் பல் உடைந்திருக்கிறது.

நாலு வருஷமாகத் தினமும் காலையில் எத்திராஜ் கைநழுவ விட்டார். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் கல்லூரியிலிருந்து வந்து சோபாவில் காலைத் தூக்கிப் போட்டிருக்கும் மகளை ஏறெடுத்துப் பார்க்கக் கூசும். "இன்னாப்பா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்பாள். வெயில் என்பார்.

பிறகு சாவி தேயத் தொடங்கியது. எரிவதற்கு நேரமானது. எத்திராஜ் அதைக் கூர் தீட்டினார். தண்ணீரில் மிதக்கும் ரிப்பனைச் சேர்த்தார். படியில் தங்கிய ஒற்றைக் கொலுசைச் சேர்த்தார். சகுந்தலாவை ஓடி வர வைத்தார். நல்ல வேலைக்காரன் எந்த வேலையையும் மெருகேற்றத்தான் செய்வான். ஒருநாள் காலை அத்தனையும் கண்முன் நடந்தது, ரிப்பன், கொலுசு, அழுகை எல்லாமே. விளக்கு சிவப்பாகவே இருந்தது. மளிகைக்கடை காலண்டரில் எப்போதோ பார்த்த படம் போல அது அவருக்குள் ஒட்டாமல் நின்றது.

வேலை போனால் இன்னொரு வேலை பார்த்துக்கொள்ளலாம். எத்திராஜை அரித்தது அதுவல்ல. பெற்ற மகள் கிணற்றில் விழுவதைப் பார்த்துக் கை நடுங்கவில்லை என்றால், உள்ளே இருந்தது எங்கே போயிற்று? இருக்கிறதா, தீர்ந்துவிட்டதா?

அதற்கு விடை அன்று மதியமே ஃபோனில் வந்தது.

*

பீளமேடு சிக்னலில் இளவேனிலின் ஸ்கூட்டர் பஸ்ஸோடு உரசி விழுந்திருந்தது. சகுந்தலாவுக்குப் பேச்சே வரவில்லை. காலு, காலு என்று மட்டும் சொன்னாள்.

"எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டார் எத்திராஜ்.

அவர் போய்ச் சேர்ந்தபோது மகளை ஸ்ட்ரெச்சரில் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்கள். இடது கால் இருக்க வேண்டிய கோணத்தில் இல்லை. சகுந்தலா ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறினாள். எத்திராஜ் அறுவைக்கூடம் எந்த மாடி என்று கேட்டார். எந்த லிஃப்ட் என்று கேட்டார். ரத்த வகையைச் சொன்னார். நர்ஸ் அவரைப் போலீஸ்காரர் என்று நினைத்து, பேஷன்ட்டோட அப்பா வரலையா சார் என்று அவரிடமே விசாரித்தாள்.

அப்போது இளவேனில் கண்ணைத் திறந்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். சுருக்கம் இல்லாத சட்டை, நிமிர்ந்த முதுகு, உலர்ந்த கண்கள். அந்தப் பார்வை அவர் மேல் கொஞ்சம் அதிக நேரம் தங்கியது. எதையோ தேடி, கிடைக்காமல், பரவாயில்லை என்று விட்டுவிட்ட பார்வை.

"ட்யூட்டிலருந்து நேரா வந்துட்டியாப்பா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவர் தாழ்வாரத்தில் போய் நின்று அழ முயன்றார். வரவில்லை. இந்தக் காட்சிக்கு வேண்டிய அழுகையை எல்லாம் நாலு வருஷ ஒத்திகையிலேயே அழுது தீர்த்திருந்தார்.

"பெத்த பொண்ணு ரத்தத்துல கெடக்குறா," என்றாள் சகுந்தலா, பின்னால் வந்து நின்று. குரல் உயரவே இல்லை. "நீ இன்னான்னா லிஃப்ட்டு எங்கன்னு கேக்குற."

*

காலில் கம்பி வைத்துத் தைத்துவிட்டார்கள். உயிருக்குப் பயமில்லை. மறுநாள் காலை எத்திராஜ் வேலைக்குக் கிளம்பியதைப் பார்த்துச் சகுந்தலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போகாவிட்டாலும் சிவப்பாகவே கணக்கு என்பதை அவளிடம் எப்படி விளக்குவது?

ஆயுத அறையில் பிஸ்டலைப் பிடித்தார். கிணற்றைக் கூப்பிட்டார். கிணறு வருவதற்குள், ஸ்ட்ரெச்சரிலிருந்து அந்தப் பார்வை வந்துவிட்டது. தேடிக் கிடைக்காமல் விட்டுவிட்ட பார்வை.

பச்சை.

கண் கூசுகிற பச்சை. தாட்சாயணி நிமிர்ந்து பார்த்தாள். அவளுடைய திரையில் என்ன தெரிந்ததோ, புருவம் சுருங்கியது. எத்திராஜ் அதைக் கவனிக்கவில்லை. அவருக்கு மூச்சு விட்டுச் சிரிக்க வேண்டும் போலிருந்தது. திரும்பி வந்துவிட்டது. மகளுக்காகப் பயப்பட இன்னும் தன்னிடம் பயம் இருக்கிறது. அன்று அவர் குழாயடிக்குப் போகவில்லை. கை கழுவாமலே வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

"பாப்பாவுக்கு எப்படியிருக்குதுங்ணா?" என்று கேட்டான் சென்னியப்பன்.

"பொழச்சுக்கும்," என்றார். "ஊடு வந்து சேந்ததும் நீ வந்து பாரு சென்னி. உன் பேச்ச கேட்டா சிரிக்கும்."

எட்டிமடையைத் தாண்டிய பிறகு சாலையில் இளநீர் உருண்டு கிடந்தது. தள்ளுவண்டி ஒன்று குடை சாய்ந்திருந்தது. சென்னியப்பன் வளைத்து ஓட்டியும் டயர் ஏதோ முள்ளில் ஏறிப் புஸ்ஸென்றது. இறங்கக்கூடாது என்பது நிறுவனத்தின் உத்தரவு. அவன் பழக்க தோஷத்தில் இறங்கிவிட்டான்.

இளநீர்க்காரன் ஓடி வந்தான். முப்பது வயதுக்குள் இருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. ஐயோ மன்னிச்சுக்கங்ணா, என்னால உங்களுக்குச் சிரமம் என்று சொல்லிக்கொண்டே சென்னியப்பனின் தோளில் கை போட்டான். இன்னொரு கையில் இளநீர் சீவுகிற அரிவாள். அதைச் சென்னியப்பனின் கழுத்தில் வைத்தது கூட, மாலை போடுகிற மாதிரி மெதுவாகத்தான்.

எத்திராஜ் கதவைத் திறந்து இறங்கினார். பிஸ்டல் கையில் இருந்தது.

"வெயிலாச்சே, நீங்க எதுக்குங்ணா எறங்கறீங்க?" என்றான் அவன். "பயப்பட ஒண்ணுமே இல்லீங். டிரைவரண்ணனுக்கு ஒரு கீறல் படாது. பின்கதவை மட்டும் தொறந்து விட்டீங்கன்னா, நாங்க பாட்டுக்குப் போயிட்டே இருப்போம்." அவன் கண் பிஸ்டலின் விளக்குக்குப் போய்த் திரும்பியது. "செவப்புதானுங்களே. இளநீ ஒண்ணு வெட்டட்டுங்களா?"

மரத்தடியில் இன்னும் இரண்டு பேர் கைகட்டிப் பணிவாக நின்றார்கள்.

எத்திராஜின் மனம் கண்ணாடி போல் தெளிந்திருந்தது. எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் காற்று, சென்னியப்பனின் தலை எவ்வளவு விலகினால் போதும் எல்லாம் தெரிந்தது. பாலம் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதைத் தாண்டியிருந்தால் இதே கைக்கு இதே பிஸ்டல் அந்த நொடியே பச்சை காட்டியிருக்கும். இந்தப் பக்கத்தில் அந்தத் தெளிவுக்கு மதிப்பில்லை. சென்னியப்பனின் காக்கிக் காலரில் ஒரு சிவப்புக் கோடு இறங்கியது. கீறல் பட்டுவிட்டது. அவன் கண் எத்திராஜின் கண்ணைப் பிடித்துத் தொங்கியது.

கிணறு. ரிப்பன். கொலுசு. ஒன்றுமில்லை.

பிறகு, கூப்பிடாமலே, ஸ்ட்ரெச்சர் வந்தது. ட்யூட்டிலருந்து நேரா வந்துட்டியாப்பா. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கை வரை ஏதோ குப்பென்று இறங்கியது.

பச்சை எரிந்தது. எத்திராஜ் சுட்டார்.

இளநீர்க்காரன் சாலையில் உட்கார்ந்தான். மரத்தடி ஆட்கள் ஓடிவிட்டார்கள். வெள்ளைச் சட்டையில் பரவுவதைப் பார்த்துவிட்டு அவன் தலையைத் தூக்கினான். முகத்தில் கோபமே இல்லை. வெறும் ஆச்சரியம்.

"பயந்துட்டீங்களாண்ணா?" என்றான். "நான் மெதுவாத்தானுங்ணா பேசுனேன்."

ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவன் பேச்சு நின்றுவிட்டது.

*

விசாரணை என்று ஒன்று பெரிதாக நடக்கவில்லை. பிஸ்டலுக்குள் இருந்த பதிவே சாட்சி சொல்லிவிட்டது. உயிரச்சம், மிக அதிகம். சட்டம் அதற்கு மேல் கேட்பதில்லை. போலீசார் மரியாதையாகத் தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள். நிறுவனத்தில் சால்வை போர்த்தினார்கள். பழைய ரெஜிமென்ட் நண்பர்கள் ஃபோனில் கூப்பிட்டுச் சிரித்தார்கள். ஒரு இளநீர்க்காரனைப் பார்த்து ஹவில்தார் சாபுக்கு அவ்வளவு நடுக்கமா என்றார்கள். எத்திராஜ் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். அவர்கள் சிரிக்கட்டும். அந்தப் பயம் தன் மகளுக்கானது என்று அவருக்குத் தெரியும். ஒரு உயிர் போன கனத்தை அந்த நினைப்பில்தான் சாய்த்து வைத்திருந்தார்.

கழுத்தில் கட்டோடு சென்னியப்பன் வண்டிக் கொட்டகைக்கு வந்தான். வழக்கமான கிண்டல் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"அண்ணா, இதை நான் யாருகிட்டயும் சொல்லலீங். சொல்லவும் மாட்டேன். நீங்க சுடறப்ப அருவா என்ற கழுத்துல இல்லீங்."

எத்திராஜ் திரும்பினார்.

"ரத்தத்தைப் பாத்ததும் அவனே பதறிட்டானுங். கையை எடுத்துட்டான். ஐயோ பட்டுருச்சுங்களான்னு கேக்க வாயத் தொறந்தான். அதுக்குள்ள..." சென்னியப்பன் கட்டைத் தடவிக்கொண்டான். "உங்களுக்குப் பயத்துல அது தெரிஞ்சிருக்காது. யாருக்கா இருந்தாலும் அப்படித்தானுங்."

அது ஏன் தெரியாமல் போனது என்று எத்திராஜுக்குத் தெரியும். பச்சை எரிந்த நொடியில் அவர் பார்த்துக்கொண்டிருந்தது அரிவாளை அல்ல. விளக்கை.

அன்று சாயங்காலமே தாட்சாயணி தேடி வந்தாள். கொட்டகைக்குப் பின்னால் கேன்டீன் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். டீ வந்தது, ஆறியது.

"அந்த நேரத்துல என்ன நினைச்சீங்க சார்?"

"என் பொண்ண."

"அவங்களுக்கு ஏதோ ஆகற மாதிரியா?"

எத்திராஜ் தயங்கினார். யாரும் யாரிடமும் சொல்லாததை முதல் தடவையாகச் சொன்னார். கிணற்றைச் சொன்னார். கை நழுவியதைச் சொன்னார். அது தேய்ந்து போனதையும் ஆஸ்பத்திரியில் மகள் பார்த்த பார்வையையும் சொன்னார். "அந்தப் பார்வை வந்துதான் மேடம் எரிஞ்சுது. பயம் திரும்பி வந்துடுச்சு."

தாட்சாயணி டம்ளரைச் சுற்றிச் சுற்றித் திருப்பினாள்.

"பயம்னா கை ஜில்லுனு ஆயிடும் சார். ரத்தம் உள்ள ஓடிடும். பிஸ்டல் பதிவுல பாத்தா உங்க கை கொதிச்சிருக்கு. அன்னிக்குக் காலையில சோதனையிலயும் அப்படித்தான். அது பயம் இல்ல."

"பின்ன?"

"கூச்சம். அவமானம். தலை குனிஞ்சு போறது. தப்புப் பண்ணிட்டு மாட்டிக்கிட்டா வருமே, அது."

"அதுக்கு எப்படி எரியும்? பயத்துக்குன்னுதானே செஞ்சீங்க?"

"அப்படித்தான் நாங்களும் நினைச்சோம்." அவள் முதல் தடவையாக அவர் கண்ணைப் பார்த்தாள். "பயம்னா எப்படி இருக்கும்னு மெஷினுக்குக் கத்துக்குடுக்க ஆளுங்களைக் கூட்டிட்டு வந்தோம். எல்லாரும் உங்களை மாதிரி காவலருங்க. திடீர்னு வெடிச் சத்தம், காலுக்கடியில பாம்பு, உசரத்துலேர்ந்து தள்ளிவிடறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவங்க மேலாளருங்க உக்காந்து பாத்துட்டிருந்தாங்க. காவலுக்குன்னு வந்த ஆம்பளை எல்லார் முன்னாடியும் கத்தறான். கத்தின உடனே கூசிப் போறான். மெஷின் பிடிச்சுக்கிட்டது அந்தக் கூச்சத்தை."

கேன்டீன்காரர் பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவர் தாண்டிப் போன பிறகு எத்திராஜ் கேட்டார்.

"அப்போ நாலு வருஷமா கெணத்துக்கு எரிஞ்சுதே?"

"பொண்ணு விழுந்துடுவாளோங்கற பயத்துக்கு எரியலை சார்." அவள் மிகவும் தாழ்ந்த குரலில் சொன்னாள். "தினமும் அவளை விழ விடறோமேன்னு உங்களுக்கு இருந்த கூச்சத்துக்கு எரிஞ்சுது. அது பழகிப்போனதும் நின்னுடுச்சு."

எத்திராஜ் தன் உள்ளங்கையைப் பார்த்தார். இத்தனை நாள் தேய்ந்தது என்ன என்று இப்போது தெரிந்தது. மகள் சாவதற்குப் பழகவில்லை. மகளைக் கொல்வதற்குப் பழகியிருந்தார்.

"உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"சந்தேகம் ரொம்ப நாளா. உங்களோடதைப் பார்த்ததும் நிச்சயமாயிடுச்சு." அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். "நான் எழுதிக் கொடுத்தா அச்ச விதி நிக்காது. மத்தவங்களாவது பொழைச்சுப்பாங்க. ஆனா அதே எழுத்து, நீங்க பயந்து சுடலைன்னும் சொல்லிடும். பயம் இல்லாம சுட்டா அது கொலை. அதான் உங்ககிட்ட கேக்க வந்தேன்."

எத்திராஜ் குழாயடிப் பக்கம் பார்த்தார். ஷிப்ட் மாறும் நேரம். தங்கப்பழம் குனிந்து கை கழுவிக்கொண்டிருந்தார். விரலிடுக்கெல்லாம் விட்டு, நிதானமாக, நெடுநேரம். அவர் வீட்டில் யார் தினமும் சாகிறார்களோ. மனைவியோ, பேரனோ. எத்திராஜ் ஒரு வார்த்தை சொன்னால் நாளையிலிருந்து அந்த வீட்டில் யாரும் சாக வேண்டாம்.

சாலையில் உட்கார்ந்த வெள்ளைச் சட்டை நினைவுக்கு வந்தது. மாவுக்கட்டோடு படுத்திருக்கும் மகளும் நினைவுக்கு வந்தாள். அப்பா ஒரு கொலைகாரர் என்று அவளிடம் யாரோ சொல்வதும்.

"எழுதாதீங்க மேடம்," என்றார்.

அவள் தலையசைத்தாள். அந்தப் பதிலுக்காகத்தான் அவளும் காத்திருந்தாள் என்பது அவள் மூச்சு விட்ட விதத்தில் தெரிந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் எழுந்தார்கள்.

*

இளவேனிலை வீட்டுக்கு அனுப்பும் நாளன்று எத்திராஜ் காலைச் சோதனையை முடித்துவிட்டுக் கிளம்பினார். முடிக்க என்ன இருந்தது? பிஸ்டலை எடுக்கக் கை நீட்டி, விரல் நுனி பட்டதுமே பச்சை எரிந்தது. எதையும் நினைக்க வேண்டியிருக்கவில்லை.

"குடுத்து வச்ச ஆளுவே நீரு," என்றார் தங்கப்பழம். பிறகு வழக்கத்தை மீறி, பக்கத்தில் வந்து கெஞ்சுகிற குரலில் கேட்டார். "எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்குவே இப்பல்லாம். அப்படி என்ன சாவி, சொல்லும்?"

எத்திராஜ் குழாயடிக்கு நடந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ நின்றது. சக்கர நாற்காலி வேண்டாம் என்று இளவேனில் அடம் பிடித்தாள். ஒரு கக்கத்தில் ஊன்றுகோல், இன்னொரு பக்கம் அப்பா. சகுந்தலா பைகளோடு முன்னால் இறங்கிப் போனாள். வாசல்படிகள் சலவைக்கல், யாரோ அப்போதுதான் துடைத்துவிட்டிருந்தார்கள்.

முதல் படியில் ஊன்றுகோல் லேசாக வழுக்கியது. அவ்வளவுதான். எத்திராஜ் அவள் கையை இறுகப் பிடித்தார்.

மகள் நின்றுவிட்டாள். பிடித்திருந்த கையைக் குனிந்து பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். ஸ்ட்ரெச்சரில் தேடியதை இப்போது கண்டுபிடித்துவிட்ட மாதிரி அவள் முகம் மெல்ல மலர்ந்தது.

"கை ஏம்ப்பா இப்படி வேர்த்து ஊத்துது?" என்றாள். "பயப்படாதப்பா. நான் ஒண்ணும் விழமாட்டேன்."

கை சூடாக இருக்கிறதா, ஜில்லென்று இருக்கிறதா? அவருக்குத் தெரியவில்லை. பிடித்திருக்கும் அவளுக்குத் தெரியும். ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

"பாத்து வா," என்று மட்டும் சொல்லிவிட்டு எத்திராஜ் அடுத்த படியில் காலை வைத்தார்.